மருந்து பூசிய திருகும் மாமாவின் உரைகல்லும்

உண்டு உடுத்தி உறங்கும் சாதாரண மனிதர்களுக்கு நடுவே, சுரண்டிப் பார்க்கும் மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். ‘பெயின்ட் ஈரம், தொடாதீர்கள்’ என்று எழுதிவைத்த கதவில் முதல் விரலைப் பதிப்பவர், கல்யாண வீட்டுத் தாம்பாளத்தைக் கவிழ்த்து வெள்ளியா முலாமா என்று நகத்தால் கீறுபவர், புதுச் சுவரில் சாவியால் கோடு இழுத்துவிட்டு மேஸ்திரியிடம் சிமெண்ட் கணக்குக் கேட்பவர், குழந்தையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை எச்சில் தொட்டுத் தேய்த்து, பொட்டா மச்சமா என்று தீர்ப்புச் சொல்பவர், எல்லாம் அவரே. ஏன் என்று கேட்டுப் பாருங்கள். “பூச்சுன்னாலே பித்தலாட்டம்ங்க” என்பார்.

இந்த இனத்தில் அசல் சரக்கு ஆரணியில் இருக்கிறது. பெயர் சிவப்பிரகாசம். பட்டு வியாபாரி. என் அக்கா கன்னியம்மாளின் கணவர் என்பதால் அவரைப் பற்றிப் பொய் எழுத எனக்குத் தைரியமில்லை, தேவையும் இல்லை. மாமாவின் சட்டைப்பையில் கட்டைவிரல் அளவில் ஓர் உரைகல் எப்போதும் இருக்கும். ஜரிகையை அதில் தேய்ப்பார். மேலே உள்ள தங்க முலாம் போய் உள்ளே வெள்ளி தெரிந்தால் நல்ல ஜரிகை. செம்பு தெரிந்தால் விற்க வந்தவன் செத்தான். முப்பது வருஷமாக அவரை ஒருவரும் ஏமாற்றியதில்லை. வினையே அங்கேதான் வந்தது.

2008-ல் அக்காவுக்கு முன்பல் ஒன்று போனது. கழற்றி மாட்டும் பல் ஒன்று போட்டுக்கொண்டாள். சேத்துப்பட்டில் ஒரு வளைகாப்புப் பந்தியில் அது நழுவிப் புளிசாதத்தில் விழ, பக்கத்து இலைக்காரி போட்ட கூச்சலில் பந்தியே எழுந்து வந்து பார்த்தது. அன்று முந்தானையால் வாயைப் பொத்தியவள்தான், பிறகு எடுக்கவே இல்லை. எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சிரிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அது நின்றுபோனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். மகள் சுகன்யாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானதும், “போட்டோவுல நான் வாயைத் தொறந்து சிரிக்கணும்டா” என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

வேலூரில் பல் டாக்டர் இளமதியிடம் போனோம். தாடை எலும்பில் ஒரு திருகைப் பதித்து, எலும்பு அதைக் கவ்விக்கொண்ட பிறகு மேலே நிரந்தரப் பல் பொருத்துவார்களாம். அக்காவுக்கு எலும்பு மெலிவு. சாதாரணத் திருகென்றால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அப்போதே புரட்டாசி.

“மருந்து பூசின திருகு ஒண்ணு இருக்கும்மா. ஆராய்ச்சிக்காக வந்தது, உங்களுக்காகக் கேட்டு வாங்கியிருக்கேன்” என்றார் டாக்டர். “திருகு போட்டதும் சுத்தி இருக்கிற எலும்பு கொஞ்சம் கரையும். இந்த மருந்து அதைக் கரைய விடாம பிடிச்சு வைக்கும். நல்லபடியா ஆறினா மூணு மாசத்துல பல்லு வெச்சிடலாம்.”

அக்கா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பூசினதா?”

“ஆமாங்க. ரொம்ப மெல்லிசான பூச்சு. கண்ணுக்கே தெரியாது.”

கண்ணுக்குத் தெரியாத பூச்சு! சுரண்டிப் பார்ப்பவரிடம் போய்ச் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

சிகிச்சை நாளில், அக்கா பயப்படுவாள் என்று மாமாவையும் என்னையும் உள்ளே உட்கார வைத்தார்கள். மரப்பு ஊசி போட்டுவிட்டு டாக்டர் கை கழுவப் போனார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ‘கிறீச் கிறீச்’ என்று ஒரு சத்தம். திரும்பினால், தட்டிலிருந்த குப்பியின் மூடியைத் திறந்து, மாமா திருகைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

“என்ன சார் பண்றீங்க!” என்று டாக்டர் ஓடிவந்தார்.

“செக் பண்ணிகினு இருக்கேம்மா. உங்களை நல்லா ஏமாத்தி வுட்டானுங்க. மேலயும் அதே கலரு, உள்ளயும் அதே கலரு. பூச்சே கெடையாது!”

“இருந்தது சார்” என்றார் டாக்டர். “இவ்ளோ நேரம் இருந்தது.”

கல் பட்ட திருகை வாயில் வைக்க முடியுமா? அது குப்பைக்குப் போனது. இன்னொன்று கிடைக்க வழியில்லை. சாதாரணத் திருகைத்தான் பதித்தார்கள். வாய் மரத்துப்போயிருந்ததால் அக்காவால் திட்டக்கூட முடியவில்லை. கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. எனக்கு அந்தக் கல்லை மாமாவையே விழுங்கச் சொல்லலாமா என்றிருந்தது.

மாமா திருந்தினாரா? மறுநாள் முதல் கையில் டார்ச்சோடு, “ஆடுதா? நாக்கால தள்ளிப் பாரு” என்று ஆரம்பித்தார். அக்கா அவரிடம் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். பேசுவதற்கும் சேர்த்துத்தான். நாலு மாதம்.

தை வந்தது. மணமேடையில் குடும்பமாக நிற்கவைத்து, போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓட்டைப் பல் தெரிய, வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

போட்டோக்காரர் தயங்கினார். “கொஞ்சம் வாயை மூடிகினு சிரிங்கம்மா.”

“எதுக்குப்பா? எங்க வூட்டுக்காரருக்குப் பூச்சுன்னா புடிக்காது” என்றாள் அக்கா. “உள்ளது உள்ளபடி எடு.”

அந்தப் படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். மாமா மட்டும் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்ன, நீங்களும் சிரிக்கிறீர்களா? நல்லது. போன வாரம் உங்கள் முழங்கையில் ஒரு சிராய்ப்பு இருந்ததே, தன்பாட்டுக்கு ஆறிக்கொண்டுதானே இருந்தது. அதன் பொருக்கைப் பிய்த்துப் பார்த்தது யார்?