கிளைமாக்ஸ் அண்ணாச்சியின் பொறாமை

திரையில் அழும் தகப்பன்மார்மீது கிளைமாக்ஸ் அண்ணாச்சி கொண்ட பொறாமைக்கு நிகரான ஒன்றைத் தென்காசி மாவட்டம் கண்டதில்லை.

குத்துக்கல்வலசையில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். பள்ளி விடுமுறைதோறும் தெருப்பிள்ளைகளைத் திரட்டிச் சிறுவர் படத்துக்கு அழைத்துப்போவார். பிணங்கிப் போன பிள்ளை தகப்பனை நோக்கி ஓடிவரும் கடைசிக் காட்சியில் எழுந்து நின்றுவிடுவார். பின்வரிசை கத்தும், அவரோ திரையோடு வழக்காடுவார்.

“ஒரு மன்னிப்பு, ஒரு மழை, முடிஞ்சு போச்சு. அவனுக்குப் பின்னால வயலின் வாசிக்க ஆளு இருக்குலே. எனக்கு எவன் வாசிக்கான்?”

கார்ட்டூன் கரடியொன்று தன் குட்டியோடு சமாதானமானதைக் கண்டு அன்று முழுவதும் உண்ணாதிருந்தார்.

காரணம் தெரு அறிந்ததே. மகளுக்குச் சென்னையில் கிடைத்த வேலையை, அவளைக் கேளாமலே தொலைபேசியில் மறுத்துவிட்டார். அவள் வேறு வேலை தேடிக்கொண்டு போனாள். பேச்சை நிறுத்திவிட்டுப் போனாள். வீட்டுக்கு அவள் அழைக்கையில் இவர் எடுத்தால், “அம்மாட்ட குடுங்க” என்பதோடு சரி.

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் எங்கள் ஊரில் உறவினரை எவரும் அழைப்பதில்லை. துண்டோடு தாமே வந்துவிடுவார்கள். சென்ற ஆனியில் அவளும் வந்தாள். அருவிக்காகத்தான் வந்ததாகத் தாயிடம் தெளிவுபடுத்தினாளாம். தாயும் மகளும் குற்றாலம் புறப்பட, அண்ணாச்சி புதுச்சட்டை அணிந்து, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு பின்தொடர்ந்தார்.

பேரருவியின் முன் அவருக்கு என்ன தோன்றிற்றோ, தாம் இத்தனை காலம் வைத காட்சியையே நடிக்கத் துணிந்தார். இரு கைகளையும் விரித்து மகளை நோக்கி நடந்தார். விசில் ஒலித்தது.

“அண்ணாச்சி, அது பொம்பளையாளுக பக்கம். இங்கன வாங்க” என்றார் காவலர்.

விரித்த கைகளை மடக்கவும் மறந்து நின்றார். குளிக்கச் சென்றவள் திரும்பி வந்து, அக்கைகளில் ஒன்றில் தன் கைப்பையை மாட்டினாள்.

“எப்பா, இதப் புடிங்க. நனைஞ்சிராம.”

நான் கொடுத்த குடையை அவர் பைக்குப் பிடித்தார்.

“வயலின் கேட்டுச்சா அண்ணாச்சி?”

“சும்மா இரும்வே. பை நனையுது.”

வெளிநாட்டிலிருக்கும் என் மகன் ஞாயிறுதோறும் கைப்பேசியில் தோன்றி, படத்துப் பிள்ளைகள் சொல்லும் அன்புமொழிகளையெல்லாம் தவறாமல் சொல்கிறான். ஆனால், பிடியுங்கள் என்று என்னிடம் எதையும் தந்து நெடுநாளாயிற்று.

சென்ற விடுமுறைப் படத்தின் கடைசிக் காட்சியில் எழுந்து நின்றவன் நான். அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்திழுத்து உட்காரவைத்து, தம் பாப்கார்ன் பொட்டலத்தை நீட்டினார்.

“இதப் புடியும்வே.”

படம் முடியும்வரை ஒரு பொரிகூடச் சிந்தாமல் பிடித்திருந்தேன்.