கடன் கொடுப்பவரைக் கேள்வி கேட்டவர்

1957 மார்ச் 9, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். நான் கிளார்க்காக இருக்கும் தேயிலைத் தோட்ட ஆபீசில் ஆட்களின் வேலைக் கணக்கான செக்ரோலை எழுதி முடித்துவிட்டு, ஒரு மணிக்குக் கொட்டகலை கடைவீதிக்கு வந்தேன். கடனுக்குச் சாட்சியாக என்னை வரச் சொல்லியிருந்த சுண்ணாம்பு அண்ணன் காத்திருந்தார்.

கடன் கொடுக்கிறவர் வாங்குகிறவரைக் கேள்வி கேட்பது உலக வழக்கம். அதைத் தலைகீழாக்கிய ஒரே மனிதர் அவர். ஒழுகும் வீடுகளைக் கடனில் வாங்கி, தகரம் மாற்றி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு மூன்று மாதத்தில் விற்பது அவர் தொழில். ஒருமுறை ஹட்டனில் வட்டிக்குக் கொடுக்கும் ஒருவர் இவருக்குப் பதில் சொல்லிச் சொல்லியே களைத்து, தாமே எங்காவது கடன் வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாராம்.

அன்று ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர் விலை பேசியிருந்த வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் பாக்கி. வீட்டுக்காரர் இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போக அன்று மாலை ரயில் ஏறுகிறார். அதற்குள் பணம் தராவிட்டால் வீடும் போகும், கொடுத்த அச்சாரமும் போகும்.

முதலில் ஜவுளிக்கடை முதலாளி.

"நூத்துக்கு மாசம் ஒரே ஒரு ரூபாதான்," என்றார். சாட்சிக் கையெழுத்துப் போட நான் பேனாவைத் திறந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு மாசத்துல திருப்பிக் குடுத்தா?"

"தாராளமா குடுங்க. ஆனா ஆறு மாச வட்டி வந்துரணும்."

"பத்திரச் செலவு?"

"இருபத்தஞ்சு."

"வேற?"

"நீங்க என்ன வெளியாளா? எங்க வீட்டுக் கூரைய மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க."

அண்ணன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். "கூரையச் சேக்காமலே எம்பத்தஞ்சுங்க, கிளாக்கரய்யா!"

அடுத்தவர் பலசரக்குக் கடைக்காரர். சிரிக்காத மனிதர்.

"நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா. எப்பக் குடுத்தாலும் அன்னையோட வட்டி நின்னுரும். வேற ஒண்ணுமில்ல."

"உங்க வீட்டுக் கூரை?"

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"கேட்டு வைக்கணும்ல."

மூன்று மாதத்துக்கு அறுபது. முந்தினால் இன்னும் குறையும். ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. அண்ணனைத் தெருவுக்கு இழுத்து வந்து, "என் பெட்டியில ஆயிரம் இருக்கு, அண்ணே. வட்டியே வேணாம்," என்றேன்.

அவர் என்னையும் விடவில்லை. "ரெண்டு மாசம் பிந்தினா கேப்பீங்களா?"

"கேட்க மாட்டேன்."

"நீங்க கேக்க மாட்டீங்க. நானும் உங்களக் கண்டா வேற பக்கமாப் போயிருவேன். எல்லாத்திலயும் பெரிய வட்டி அதுதாங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து, சிரிக்காதவரிடமே வாங்கினார். ரயில் கிளம்பும் முன் வீட்டுச் சாவி அண்ணன் கைக்கு வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. வீடு ஒரு நாள் முந்தி விற்றாலும் அண்ணனுக்கு அந்த நாள் வட்டி மிச்சம். விடிந்ததும் முதல் வேலையாகப் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணன் வந்து சேர்வதற்குள் முன்சுவர் முழுவதையும் சுரண்டி, சுண்ணாம்பு அடிக்கத் தயாராக வைத்திருந்தேன்.