சீன வருஷப்பிறப்பும் என் தும்புத்தடியும்

நல்ல பெயர் வாங்கத் துடிப்பவனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் இல்லை. எண்பதுகளில், நியூசிலாந்தில், ஒக்லண்டின் மவுண்ட் ரோஸ்கில்லில் நான் அப்படித்தான் அலைந்துகொண்டிருந்தேன்.

பழக்கடை நடத்திய மிஸஸ் லியூங் என்ற சீனப் பெண்மணியின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அறைக்கு ஓர் ஆள் என்பது அவரது சட்டம். யாழ்ப்பாணத்திலிருந்த என் புது மனைவி சாந்திக்கோ விசா கிடைத்துவிட்டது. அவளும் என்னோடு தங்கலாமா என்று கெஞ்சினேன். “எங்கட வருஷப்பிறப்பு முடியட்டும், சொல்லுறன்” என்றார். (அவர் கதைத்தது ஆங்கிலம்தான். என் காதில் விழுந்தது இப்படி.) வேறு இடமும் தேடிப் பார்த்தேன். என் முகத்தைக் கண்டதும் எல்லா வீடும் நேற்றே வாடகைக்குப் போயிருந்தது.

வருஷப்பிறப்பன்று விடியுமுன் எழும்பினேன். நல்ல நாளில் வீடு கூட்டாவிட்டால் லட்சுமி வருவாளா? தும்புத்தடியை வழக்கமான இடத்தில் காணோம். விடுவேனா? அலுமாரிக்குப் பின்னால் தேடிப் பிடித்தேன். முந்திய இரவு விருந்தில் சிந்திய கடலைக் கோது முதல் எல்லாவற்றையும் முன்வாசல் வழியாகக் கூட்டித் தள்ளி, பையில் கட்டித் தெருவோரம் வைத்தேன். பிறகு தலைமுழுகி, திருநீறு பூசி, பாராட்டுக்காக ஹோலில் காத்து நின்றேன்.

மிஸஸ் லியூங் வந்தார். தரையைப் பார்த்ததும் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார்.

“ஆர் கூட்டினது?”

“நான்தான்!” (பெருமையைப் பாருங்கள்.)

“ஒரு வருஷத்து அதிர்ஷ்டத்தை அள்ளிக்கொண்டுபோய் ரோட்டில போட்டிட்டீரே! அதுக்குத்தானே தும்புத்தடியை ஒளிச்சு வைச்சனான்!”

அப்போதுதான் என் ஈரத் தலையைக் கண்டார். “ஐயோ, தலையும் கழுவினீரோ?” அன்றைக்குத் தலை கழுவினால் மிச்ச அதிர்ஷ்டமும் தண்ணீரோடு போய்விடுமாம்.

சாந்தி இனி வந்த மாதிரித்தான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தெருவுக்கு ஓடினேன். குப்பை லொறி பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. பையைப் பறித்துக்கொண்டு வந்து, அவர் காட்டிய மூலையில் குப்பையைப் பக்குவமாகக் கொட்டினேன். வருஷப்பிறப்புக்கு வரும் அவரது உறவினர்கள் கண்ணில் படாமலிருக்க என் தலையில் ஒரு கம்பளித் தொப்பியை இழுத்து மாட்டிவிட்டார். பெப்ரவரிக் கோடை வெயிலில், அந்தக் கோலத்தில், வந்தவர்களுக்கெல்லாம் தேநீரும் மண்டரின் பழமும் பரிமாறினேன்.

“இவருக்கு என்ன சுகமில்லையோ?” என்று ஒருவர் கேட்டார்.

“இவரின்ரை ஊர்க்காரருக்கு இது குளிர்” என்றார் மிஸஸ் லியூங், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

எல்லாரும் போனபின், வியர்வை வழியக் கேட்டேன். “என்ரை மனிசி...?”

“கெதியாக் கூப்பிடும். உம்மைப் பார்த்துக்கொள்ள இந்த வீட்டில கட்டாயம் ஒரு ஆள் வேணும்.”

சாந்தி வந்து இறங்கிய அன்று, வாசலிலேயே அவர் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை, “இவரின்ரை கையில தும்புத்தடியை மட்டும் குடுத்திடாதையும்.” பயணக் களைப்பில் இருந்த சாந்தியும் ஓம் என்று தலையாட்டிவிட்டாள்.

இன்றுவரை எங்கள் வீட்டில் கூட்டுவது அவள்தான். நான் எப்போதாவது உதவப் போனால், இங்கே பிறந்த மகள், “அப்பா, நோ! எங்கட லக்!” என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். சாந்தி மட்டும் சிரிப்பதில்லை. அன்றைக்கு நான் வேண்டுமென்றேதான் கூட்டினேனோ என்று அவளுக்கு இப்போது ஒரு சந்தேகம்.