சம்சயம் சார் கம்ப்யூட்டர் வாத்தியார் பிடித்த கதை

சாமியே நேரில் வந்து நின்றாலும், "ரேஷன் கார்டு உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் கும்பிடுவார் சம்சயம் சார். சம்சயம் என்றால் கேரள எல்லையோரம் உள்ள எங்கள் பக்கம் சந்தேகம். அவருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைப் பாறசாலையிலும் யாரும் கேட்டதில்லை, நெய்யாற்றின்கரையிலும் யாரும் கேட்டதில்லை.

பாலைச் சந்தேகப்படுவது எல்லோரும் செய்வதுதான். இவர் பசுவைச் சந்தேகப்படுவார். பஸ்ஸில் ஏறினால் போர்டைப் படிப்பார், கண்டக்டரிடம் கேட்பார், அப்புறம் பக்கத்தில் இருக்கிறவரிடம், "நீங்க எங்க போறிய?" என்று கேட்டு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் சாய்ந்து உட்காருவார்.

தொண்ணூறுகளில், கல்ஃபில் இருந்த அவருடைய தம்பி இரண்டு கம்ப்யூட்டர் அனுப்பி வைத்தார். குன்னத்துகால் முக்கில், ரேஷன் கடைக்கு மேலே உள்ள அறையில் சார் கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கினார். கூட்டித் துடைக்கவும் சாயா போடவும் நான். நாலாம் கிளாஸோடு நின்றவள். ஆள் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிப்போகும். அதுதான் சாருக்குப் பிடித்தது. வாய் திறக்காதவள் பொய் சொல்ல முடியாது அல்லவா.

அந்தக் காலத்து மௌஸின் வயிற்றில் ஒரு உருண்டை உண்டு. சாயங்காலம் இரண்டு மௌஸின் உருண்டையையும் கழற்றி மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஏன் என்று ஒருத்தர் கேட்டதற்கு, "கள்ளன் மிஷின எடுத்தா ஊரு பாக்கும். உருண்டைய எடுத்தா எவன் பாப்பான்?" என்றார்.

எல்லாம் சரி, ஒரே ஒரு குறைதான். சாருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. படிப்பிக்க ஆள் வேண்டும். ஆட்களும் வந்தார்கள். வந்தவனுடைய சர்டிபிகேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மூக்கில் வைத்து மணந்து பார்ப்பார். ஒன்று கொண்டுவந்தால், "ஒண்ணுதான் உண்டா?" என்பார். மூன்று கொண்டுவந்தால், அவன் இறங்கிப் போனபிறகு என்னிடம், "மூணு எடத்துல படிச்சிருக்கான்னா, ரெண்டு எடத்துல மனசிலாவல்லன்னு அர்த்தமாக்கும்," என்பார்.

"எனக்குத் தெரியாத காரியம் இவனுக்குத் தெரியுமான்னு நான் எப்பிடி கண்டுபிடிக்கது, செல்லம்மே?"

நான் துடைப்பத்தோடு நின்றேன். சார் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் தெளிந்தது.

"உனக்கு மனசிலாக்கிக் குடுக்கவன், மாட்டுக்கும் மனசிலாக்கிக் குடுப்பான்."

அன்றிலிருந்து நான்தான் பரீட்சை.

முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். மலையாளமும் இங்கிலீஷுமாக அரைமணி நேரம் மழையாகப் பெய்தார். கடைசியில், "மனசிலாயோ சேச்சி?" என்றார். "மனசிலாச்சு," என்றேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் வந்த ஆளின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்வது, விருந்துக்குப் போன வீட்டில் கிழங்கு வேகவில்லை என்று சொல்வது போலத்தானே. எங்கள் ஊரில் அதை யாரும் செய்யமாட்டார்கள்.

அவரை வேலைக்கு எடுத்தாயிற்று. பதினொரு பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள். மூன்று வாரம் கம்ப்யூட்டரின் உறையை எடுக்காமல் போர்டில் படம் வரைந்தே படிப்பித்தார். பிள்ளைகள் ஒரு நாள் விடவில்லை. உறையை எடுக்க வைத்தார்கள். அன்றைக்கென்று சார் உருண்டைகளைப் போட மறந்து மடியிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வாத்தியார் உருண்டை இல்லாத மௌஸை மேசை முழுக்க இழுத்தார், உதறினார், ஊதினார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வைரஸாணு," என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாள் அவர் வரவில்லை. பதினொன்று நாலாயிற்று.

சார் என்னை ஸ்டூலில் இருத்தினார்.

"அவன் உனக்கு என்ன தந்தான்?"

"ஒண்ணும் தரல்ல சார்."

"பின்ன எதுக்கு மனசிலாச்சுன்னு சொன்ன?"

"பாவம், அவ்வளவு தூரம் வந்த ஆளு."

சார் கண்ணை மூடிக்கொண்டார். "ஓணத்துக்குள்ள நல்ல வாத்தியாரு கிட்டல்லன்னா, ரெண்டு மிஷினையும் தம்பிக்கே கெட்டி அனுப்பிட்டு கதவைப் பூட்டிருவேன், சொல்லிட்டேன்."

பூட்டினால் நான் பழையபடி அண்டி ஆபீசுக்குப் போகவேண்டும். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடம். கை முழுக்கக் கறை என்பதுகூடப் பரவாயில்லை. அங்கே நூறு பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவார்கள். சென்டரில் எனக்கு வாய்த்த அமைதி போய்விடும்.

பரீட்சை மாறியது. இனி நான் வாய் திறக்கவேண்டாம். வந்தவர் சொல்லித் தந்துவிட்டு வெளியே போகவேண்டும். நான் தனியாகத் திரையில் ஒரு வீடு வரைந்து காட்டவேண்டும்.

அடுத்து வந்தவர் என் கைமேல் கை வைத்து அவரே வரைந்தார். இன்னொருத்தர், "சேச்சி தொடண்டா, கண்டால் மதி," என்று என்னைப் பார்க்க மட்டும் விட்டார், தொடவே விடவில்லை. மூன்றாவது ஆள் பின்னால் நின்று, "எடத்தோட்டு, எடத்தோட்டு" என்று இடது பக்கமாகவே மாட்டு வண்டி ஓட்டினார். திரையில் உள்ள அந்த அம்பு எனக்கு நகரும், மௌஸ் மேசை ஓரத்துக்கு வந்ததும் நிற்கும். அதற்கு மேல் இழுத்தால் கீழே விழும். நான் அப்படியே பிடித்துக்கொண்டு இருப்பேன். மேசை தீர்ந்துபோயிற்று என்று எப்படிச் சொல்வது? நாலாமத்தவர், மேசை சிறிது, பெரிது வாங்கவும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பொழியூரிலிருந்து ஸ்டெல்லா என்று ஒருத்தி இரண்டு பஸ் மாறி வந்தாள். ஒரே ஒரு சர்டிபிகேட், அதிலும் ஒரு மூலை ஈரம். சார் மணந்து பார்த்தார்.

"மீன் வாடை அடிக்கி."

"கடப்புறத்துக்காரி சார். அடிக்கல்லன்னாதான் நீங்க சம்சயப்படணும்."

சார் சர்டிபிகேட்டை இன்னொரு தடவை மணந்து பார்த்தார். பதில் இவ்வளவு சரியாக இருந்ததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பொத்தானை அமுக்கிப் பிடித்து இழுத்தால் கோடு விழும் என்று மட்டும் சொன்னாள். நான் இழுத்தேன். மேசை ஓரம் வந்தது. நின்றேன். அவள் மனசிலாச்சா என்று கேட்கவில்லை.

"அக்கா, கை ஏன் அங்க நின்னு போச்சு?"

இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. "மேசை தீந்து போச்சு மக்கா."

"தூக்கி இங்க வையுங்க. தூக்கினா அதுக்கு ஒண்ணும் தெரியாது. தரை தொடைக்கும்போ துணியத் தூக்கி வைப்பியல்லா, அதுபோலத்தான்."

அவள் வெளியே போனாள். நான் தூக்கி வைத்தேன், இழுத்தேன். சுவர் கொஞ்சம் சாய்ந்தது, கூரை வந்தது. யாரும் கேட்காமலே பக்கத்தில் ஒரு தென்னையும் வைத்தேன்.

சார் திரையை வெகுநேரம் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் முன்னமே பழக்கமா?"

"நான் பொழியூரு கடப்புறம், அக்கா இங்கத்த ஆளு," என்றாள் ஸ்டெல்லா வாசலிலிருந்து. "எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா மழ மட்டும் உண்டு."

சார் கொஞ்சம் நடந்தார். திரும்பி வந்தார். "அப்போ வேற ஒரு சம்சயம் உண்டு. செல்லம்மை கெட்டிக்காரியா இருந்தா? கெட்டிக்காரிக்கு எவன் சொல்லிக் குடுத்தாலும் வரும். இந்தப் பரீட்சை செல்லாது."

ஸ்டெல்லாவின் முகம் வாடிவிட்டது. அவள் பையை எடுத்தாள். எனக்கு என்ன வந்ததோ, வாய் திறந்துவிட்டது.

"சார், நாலு ஆம்பிளையளு சொல்லித் தந்தும் வரல்லியே. இவ சொல்லித்தானே வந்துது?"

சார் என்னைப் பார்த்தார். சுவர்தான் பேசிவிட்டதோ என்பது போலப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குச் சொல்லிக் குடு பாப்போம். இந்த ஊருல சந்தேகமே இல்லாத மண்டன் நான் ஒருத்தன்தான்."

மத்தியானத்துக்குள் சாரும் ஒரு வீடு வரைந்தார். கதவில் ஒரு பூட்டும், ஜன்னலுக்கு ஏழு கம்பியும் இருந்தன. ஸ்டெல்லா அன்றைக்கே சேர்ந்தாள். ஓணம் கழிந்து சென்டர் நிறைந்தது. நான் அண்டி ஆபீசுக்குப் போகவில்லை.

சார் இப்போது இல்லை. வீட்டில் உள்ளவர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார், கட்டியவர், எல்லோருக்கும் என்னைப் பற்றி, இவளுக்கு அறிவு இல்லை என்று, ஒரு தீர்மானம் இருந்தது. என்னைப் பார்த்து, ஒருவேளை இவளுக்கு அறிவு உண்டோ என்று சம்சயப்பட்ட ஆள் அவர் ஒருத்தர்தான்.