கொசுவை எரிக்கும் தீர்மானம்

மனித குலம் இதுவரை கண்டறிந்த உண்மைகளிலேயே தலையாயது 'கனமில்லாதது உயராது' என்பதுதான். இதைக் கண்டறிந்தவர் ஜெர்மனியின் எங்கள் ஷ்வாபென் மேட்டுநில கிளைடர் சங்கத்தின் தலைவர் டாக்டர் ஓட்மார் அவர்கள். கண்டறிந்த இடம், சங்கக் கட்டடத்தின் காபி மேஜை. அப்போது அவர் முன்னால் செர்ரி கேக்கின் மூன்றாவது துண்டு இருந்தது. சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் பக்கத்திலேயே நின்றேன். சரித்திரம் நிகழும்போது கையில் க்ரீம் கிண்ணத்துடன் நிற்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்த்துவிடாது.

தலைவர் எதில் டாக்டர் என்று கேட்கும் துணிச்சல் சங்கத்தில் யாருக்கும் வந்ததில்லை. ஆள் நூற்றுப் பத்து கிலோ. பேச்சு அதற்கும் மேல். அவர் "காலை வணக்கம்" என்றால்கூட ஒரு கொள்கை அறிவிப்புப்போல இருக்கும், நாங்கள் கைதட்டிவிடுவோம்.

அவருடைய கண்டுபிடிப்புக்கு ஏற்றபடி சங்கம் 'இம்பெராட்டோர்', அதாவது 'சக்கரவர்த்தி', என்ற புதிய கிளைடரை வாங்கியது. வெள்ளை வெளேரென்று, கத்திபோல் மெல்லிய இறக்கை. அந்த இறக்கைக்குள் தண்ணீர்த் தொட்டி. ஏற்கெனவே கனமான விமானத்தில் இன்னும் நூற்றைம்பது லிட்டர் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பறக்கலாம். மோட்டார் இல்லாத விமானத்துக்கு எதற்கு இத்தனை சுமை என்று பாமரர்கள் கேட்பார்கள். பாமரர்களைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை.

ஒரே ஒரு சிக்கல். இம்பெராட்டோரை நிறுத்தக் கொட்டகையில் இடமில்லை. அந்த இடத்தில் 'கொசு' நின்றது. கொசு என்பது மரத்தாலும் துணியாலும் ஆன எங்கள் பழைய கிளைடர். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். இப்படிப்பட்ட இலேசான பொருளை வைத்திருப்பது எங்கள் கௌரவத்துக்கு இழுக்கு என்று தலைவர் கருதினார். நாங்களும் அந்த நிமிடத்திலிருந்து அப்படியே கருதினோம்.

"வித்துடலாமே," என்றார் பொருளாளர் ஃப்ரீடோலின்.

"வித்தா எவனாவது வாங்கிப் பறப்பான்," என்றார் தலைவர். "நாம கழிச்சுக் கட்டினது நம்ம தலைக்கு மேலயே சுத்துனா, நம்ம முன்னேற்றத்தை எவன் மதிப்பான்? இந்த வருஷம் கோடை நெருப்புல வச்சு எரிச்சிடுவோம். மரம்தானே, ஜம்முனு எரியும்."

ஆண்டின் நீண்ட பகல் முடியும் மாலையில் திடலில் விறகை ஆளுயரத்துக்கு மேல் அடுக்கி, சொக்கப்பனை கொளுத்தி, சாசேஜ் சுட்டுத் தின்பது எங்கள் ஊர் வழக்கம். அதன் உச்சியில் கொசு. யோசனை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று, ஹெட்விக்கைத் தவிர.

ஹெட்விக் கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எடை நாற்பத்தெட்டு கிலோ. அதில் நாக்கு மட்டும் பத்து கிலோ தேறும் என்பார் ஃப்ரீடோலின். கொசுவை எடுத்துப் பறக்கும் ஒரே உறுப்பினர் அவர்தான்.

"அப்ப நான் எதுல பறக்கறதாம்?" என்றார் ஹெட்விக்.

"இம்பெராட்டோர்ல பறங்க. யாரு வேணாம்னா?"

"அதுல உக்காரவே எழுபத்தஞ்சு கிலோ இருக்கணும்னு உள்ளயே எழுதி ஒட்டியிருக்கு. பாக்கலையா? கொசுவை எரிச்சா நான் தரையிலதான். அதோட என் பறப்பு முடிஞ்சுது."

"கேக் சாப்பிடுங்கம்மா," என்று தலைவர் தாயுள்ளத்தோடு தட்டை அவர் பக்கம் தள்ளினார். தட்டு காலி.

ஹெட்விக் விடவில்லை. "தலைவரே, மொத்த எடையை இறக்கையோட பரப்பால வகுத்துப் பாருங்க. ஒவ்வொரு சதுர முழம் இறக்கையும் எவ்வளவு சுமக்குதுன்னு தெரியும். சுமை கம்மின்னா மெதுவா, சின்ன வட்டமா சுத்தலாம். நம்ம ஊர்ல மேல ஏறுற காத்து மெலிசு, அகலமும் கிடையாது. கொசு அதுக்குள்ளயே சுத்தி ஏறிடும். உங்க இம்பெராட்டோர் வேகமா, பெரிய வட்டமா போகணும். காத்து உள்ள இருக்கும், நீங்க வெளிய இருப்பீங்க."

"வெயில் கொளுத்துற நாள்ல?"

"அன்னைக்கு நீங்கதான் ராஜா. உங்களை யாரும் பிடிக்க முடியாது. ஆனா அந்த மாதிரி நாள் இங்க எத்தனை வருது?"

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். தூறிக்கொண்டிருந்தது. அது ஜூன் மாதம்.

"வானிலை தற்காலிகமானது. தீர்மானம் நிரந்தரமானது," என்றார் தலைவர். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. இந்த ஆண்டுச் சொக்கப்பனையில் கொசு 'கௌரவமாக வழியனுப்பி வைக்கப்படும்' என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு ஒரே ஒரு கை.

விழா நாள் வந்தது. வானம் முழுக்க வெளுத்த மேகம். நடுநடுவே சோகை பிடித்த வெயில். நிகழ்ச்சிநிரல்படி மதியம் தலைவர் இம்பெராட்டோரில் பறந்து காட்டுவார். கொசுவில் ஹெட்விக் 'பிரியாவிடைப் பறப்பு' ஒன்று பறந்து இறங்குவார். மாலையில் கொசுவை விறகின் மேல் ஏற்றுவோம். ஊர் பேண்டு வாத்தியக்காரர்களுக்கு, "கொசு மேலே ஏறும்போது வாசிக்கவும்" என்று நானே எழுத்துமூலம் உத்தரவு கொடுத்திருந்தேன்.

முதலில் கொசு கிளம்பியது. தரையில் நின்று கயிற்றைச் சுருட்டும் விஞ்ச் எந்திரம் இழுத்த இழுப்பில் ஏறி, கயிற்றை விட்டுவிட்டு, காட்டு ஓரமாக ஒரு மங்கலான மேகத்தின் கீழே சுற்ற ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், படியேறும் கர்ப்பிணியைப்போல் மெல்ல மெல்ல ஏறியது. பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அடுத்து தலைவர். தொட்டி நிறையத் தண்ணீர். விஞ்ச் முனகியது.

"தலைவரே, காத்து மெலிசா இருக்கு. தண்ணியைத் திறந்து விட்டுடுங்க," என்று ஃப்ரீடோலின் ரேடியோவில் கெஞ்சினார்.

"தண்ணியை விட்டா கனம் போயிடும். கனம் போனா தலைவர்னு எவன் சொல்வான்?"

இம்பெராட்டோர் அதே மேகத்தின் கீழே கம்பீரமாக வட்டமிட்டது. வட்டம் மிகப் பெரியது. மேகத்துக்குச் சற்று வெளியே இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கொசு ஒரு படி மேலே போக, தலைவர் இரண்டு படி கீழே வந்தார். கொசு மேகத்தின் அடியைத் தொடும் முன்பே தலைவர் உருளைக்கிழங்குத் தோட்டத்தை அடைந்துவிட்டார். கடைசி நொடியில் தண்ணீரையும் திறந்துவிட்டார். தோட்டக்காரருக்கு அந்த வாரம் தண்ணீர் பாய்ச்சும் வேலை மிச்சம்.

தோட்டத்து வரப்பிலேயே விசாரணைக் குழு கூடியது. ஃப்ரீடோலின் ஆராய்ந்து சொன்னார்: "விமானத்துல குறை இருக்க முடியாது. அதை வாங்கினது நாம. தலைவர்கிட்ட குறை இருக்க முடியாது. அவரைத் தேர்ந்தெடுத்ததும் நாம. அப்ப மிச்சம் என்ன இருக்கு?"

"என்ன இருக்கு?" என்றார் தலைவர்.

"உங்க பின்புறம்தான் இருக்கு, தலைவரே."

இதில் அவமரியாதை எதுவும் இல்லை. ஏறும் காற்று வந்ததும் முதலில் உணர்வது ஆசனம்தான். அதனால் முதன்முறை தனியாகப் பறந்து இறங்கியவரைக் குனிய வைத்து, சங்கத்தார் வரிசையாக வந்து ஆளுக்கு ஓர் அறை கொடுத்து அந்த இடத்தைக் கூர்மைப்படுத்துவது எங்கள் மரபு. தலைவர் வாங்கிய அறைகள் இளமையில் வாங்கியவை. காலாவதியாகியிருக்கும். எனவே மறு கூர்மைப்படுத்தல் அவசியம் என்று குழு முடிவு செய்தது. விமானத்தின் மேலும் தன் கொள்கையின் மேலும் பழி வராத ஒரே வழி அது என்பதால் தலைவரும் குனிந்தார்.

சங்கத்தார் இவ்வளவு ஈடுபாட்டோடு ஒரு பணியில் கலந்துகொண்டு நான் பார்த்ததில்லை. சந்தா கட்ட வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஃப்ரீடோலின் வரிசையில் இரண்டு முறை நின்றார்.

மாலையாயிற்று. விறகு தயார். பேண்டு தயார். தலைவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரும் நிலையில் இல்லை. கொசு மட்டும் இறங்கவில்லை.

"ஹெட்விக், இறங்கி வாங்க. எல்லாரும் காத்திருக்கோம்," என்றார் தலைவர் ரேடியோவில்.

"மேல நிறைய இடம் இருக்கு தலைவரே. நீங்களும் வாங்களேன்."

ஆனால் வெயில் சாயச் சாயக் காற்று செத்துக்கொண்டே வந்தது. கொசுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. மர உச்சிகளை உரசுகிற உயரம். இன்னும் ஒரு சுற்று, அதோடு தரை. பேண்டு சத்தமில்லாத நேரத்தில் புகை இல்லாமலே கண் கலங்குவது செயலாளருக்கு அழகல்ல என்பதால் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

தலைவருக்கோ பொறுமை தீர்ந்துவிட்டது. "நெருப்பைப் பாத்தாத்தான் பயந்து இறங்குவா. மூட்டுங்க! இறங்கின சூட்டோட தூக்கி உள்ள போட்டுடலாம்."

"மேல ஆள் இருக்கும்போது எப்படிங்க மூட்டுறது?" என்றார் தீயணைப்புப் படைத் தலைவர்.

"பந்தத்தை இங்க குடுங்க!" டாக்டர் ஓட்மார் தம் திருக்கரத்தாலேயே கொளுத்தினார்.

காய்ந்த விறகு. குபீரென்று பிடித்தது. சூடு ஒரே தம்மில் மேலே எழுந்தது. திடலின் ஓரத்தில் இறங்கத் திரும்பிய கொசுவின் ஒரு பக்க இறக்கையை யாரோ கீழிருந்து தட்டிவிட்டதுபோல் இருந்தது. ஹெட்விக் உடனே அந்தப் பக்கம் சாய்த்தார். புகையை ஒட்டி, புகைக்குள் போகாமல், சின்னஞ்சிறு வட்டம். இன்னொன்று. கொசு ஏறியது. தன்னை எரிப்பதற்காக மூட்டிய நெருப்பின் மேலேயே ஏறியது.

உத்தரவு உத்தரவுதான். கொசு மேலே ஏறுவதைக் கண்ட பேண்டு உடனே முழங்கியது.

கொசு சாவகாசமாகத் தரை தொட்டபோது நெருப்பில் தணல்தான் மிச்சம். சாசேஜ் சுடலாம், விமானத்தை எரிக்க முடியாது. தீர்மானத்தில் 'இந்த ஆண்டுச் சொக்கப்பனை' என்றுதான் இருந்தது. அது முடிந்துவிட்டது.

ஹெட்விக் ஒரு சாசேஜை ரொட்டியில் வைத்துக் கடித்தபடி வந்தார். "நல்ல நெருப்பு தலைவரே. உங்களால ஒருத்தி மேல போனது இதான் முதல் தடவை."

ஆண்டுப் பொதுக்குழுவில் தலைவர் அறிக்கை வாசித்தார்: 'தலைமையின் நேரடி முயற்சியால் கொசு வரலாறு காணாத உயரத்தை எட்டியது. உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வெற்றிகரமான நீர்ப்பாசன ஆய்வு நடத்தப்பட்டது.' பிறகு இரண்டு தீர்மானங்கள். அடுத்த ஆண்டு முதலில் கொசுவை விறகோடு சங்கிலி போட்டுக் கட்டுவது, பிறகு கொளுத்துவது. இரண்டாவது, டாக்டர் ஓட்மாரை மீண்டும் தலைவராக்குவது.

ஹெட்விக் எழுந்தார். "ஒரே ஒரு கேள்வி. அங்க மேல ஒரு முழம்கூட ஏற முடியாதவரு இங்க மட்டும் வருஷா வருஷம் எப்படிய்யா ஏறுறாரு?"

தலைவர் வாக்கெடுப்பு என்றார். கைகள் எழுந்தன. வரிசை வரிசையாக எழுந்தன. என் கையும் எழுந்தது. அத்தனை கைகள் ஒன்றாக எழுந்ததில் அறைக்குள் ஒரு காற்றுக் கிளம்பி, என் மேஜைமேல் இருந்த தாள்கள் படபடத்தன.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியைக் குறை சொல்லாதீர்கள். அந்த ஆடிக் காற்று நாங்கள்தான்.