பதினாறு வகை மனிதர்களும் ரிஜெக்ட் அண்ணாத்தேயும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவரிடம் திட்டு வாங்காத இரும்புத் துண்டே கிடையாது. எங்கள் கம்பெனியில் பதினொரு வருஷம் கான்ட்ராக்டில் பீஸ்களை அளந்து சோதித்தவர். மயிரிழை பிசகினாலும் சிவப்புப் பெயின்ட் தடவி ஓரம் கட்டிவிடுவார். அதனால் பெயரே ரிஜெக்ட் அண்ணாத்தே. கேன்டீன் மசால்வடையையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து, "நேத்திக்கி இருந்ததுக்கு ரெண்டு மில்லி கம்மியா கீதுப்பா" என்று மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தவர்.

அந்த வேலையை நிரந்தரமாக்கியபோது அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். புது மேனேஜர் நினைக்கவில்லை. எழுபது கேள்விக்குப் பதில் எழுதினால் பதினாறு வகை மனிதர்களில் நீங்கள் எந்த வகை என்று சொல்லிவிடும் ஒரு பரீட்சையை எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார். 'தனிமை விரும்பி'களுக்குத்தான் அளக்கும் வேலை ஒத்துவருமாம்! ஆளெடுக்கும் பிரிவில் இருந்த நான்தான் கேள்வித்தாளை நீட்டினேன்.

"விருந்துக்குப் போனா புது ஆளுங்ககிட்ட பேசுவியான்னு கேட்டுகீறான். யார் ஊட்டு விருந்து நைனா? மச்சான் ஊடுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார் அண்ணாத்தே.

காலையில் எழுதியதற்குக் 'கலகலப்பானவர்' என்று வந்தது. போச்சு. அண்ணாத்தே விடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தாள் வாங்கி எழுதினார். 'தனிமை விரும்பி' என்று வந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், ஒரே பீஸை ரெண்டு தபா அளந்தா ரெண்டு ரீடிங் காட்டுது. இன்னா கேஜ் சார் இது?"

கேட்டுவிட்டு, கேள்வித்தாளில் சிவப்புப் பெயின்ட் தடவி மேசைமேல் வைத்தார்.

"பார்த்தீங்களா, எவ்ளோ பேசறார்! கலகலப்பு டைப்பேதான்" என்று மேனேஜர் முதல் தாளையே வைத்துக்கொண்டார்.

என்ன அநியாயம் இது! பதினொரு வருஷமாக ஒரு கெட்ட பீஸைக்கூட வெளியே விடாத மனுஷனைப் பற்றி, மெஷின் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அவர் விருந்தில் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன? வேலை வேறு யாருக்கோ போனது. நானும் வாயை மூடிக்கொண்டு ஆளெடுப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். என் மாதிரி ஆட்களுக்கு அந்தப் பதினாறில் என்ன பெயரோ!

வேலை இல்லை என்ற கடிதத்தை மறுநாள் மதியம் கேன்டீனில் நான்தான் கொடுத்தேன். படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நீ இன்னா பண்ணுவ நைனா. துன்னியா?"

இல்லையென்று தலையாட்டினேன். தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதிச் சோற்றை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அவருக்குக் கோபம் அங்கேயே போய்விட்டது, எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.