திருப்பித் தரப்படும்

உலகத்தில் ஒப்பந்தங்களை எழுதியவர்கள் கோடிப் பேர். விளக்கியவர் ஒருவரே. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம், கன்டெய்னர் கிடங்குக்கு மேல்மாடியில் இயங்கும் எங்கள் 'பேரொளி கலை அறிவியல் கல்லூரி'யின் சேர்க்கை விளக்க அதிகாரி, திருவாளர் தேவப்பிரியம்தான் அவர். அவருக்குக் கீழே தமிழ் விரிவுரையாளராகவும், அவர் பேசும்போது தலையாட்டுபவராகவும் பணிபுரியும் பேறு எனக்கு வாய்த்தது.

சேர வரும் மாணவர்களுக்கு ஒப்பந்தத்தை வரி வரியாக விளக்கிய பிறகுதான் கையெழுத்து வாங்குவார். அப்படியொரு நேர்மை! கட்டணம் திரும்பக் கிடைப்பது பற்றிய விதி வரும்போது மட்டும் ஜன்னலைத் திறந்துவைத்து, கீழே கன்டெய்னர் லாரி வரும்வரை காத்திருப்பார். லாரி ஹாரன் அடிக்க, இவர் வாசிக்க, பெற்றோர் காதைப் பொத்திக்கொண்டு தலையாட்டுவார்கள். அதற்கு எங்கள் அலுவலக மொழியில் 'முழுச் சம்மதம்' என்று பெயர்.

சென்ற வாரம், கல்மண்டபத்தில் மீன் விற்கும் வியாகுலம்மாள் தன் மகள் சாண்ட்ராவை இழுத்துக்கொண்டு வந்தார். எங்களிடம் பணம் கட்டிச் சேர்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு, வகுப்பு தொடங்கும் முன்பே அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அசல் சான்றிதழ்களோ எங்கள் பீரோவில் 'பாதுகாப்பாக' இருந்தன.

"நாளிக்கு ஒரிஜினல் காட்லன்னா சீட்டு பூடும் சார்" என்றாள் சாண்ட்ரா. அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"கட்டுன துட்டுகூட வோணாம் நைனா. எம்பொண்ணு சர்டிபிகேட்ட மட்டும் குட்துடு" என்றார் தாய்.

தேவப்பிரியம் புன்னகைத்தார். "ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?"

"'மாணவர் விலகினால் சான்றிதழ்கள் திருப்பித் தரப்படும்'னு போட்டுகீது சார்."

"பொருள் தெரிந்து படித்தாயா? திருப்பி என்றால் என்ன?"

"வாங்குனத திரும்பக் குடுக்கறது சார்."

"அது பாமரர் பொருள். திருப்புதல் என்றால் மறுபக்கம் ஆக்குதல். தோசையைத் திருப்பு என்றால் மாவுக்கடையிலா கொண்டுபோய்க் கொடுப்பாய்?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

என் தலை தானாக ஆடியது.

"இன்னா பேஜாரு சார் இது! தோசைக்கும் எம்பொண்ணு படிப்புக்கும் இன்னா சம்மந்தம்?"

"செய்முறையாகவே விளக்குகிறேன்." விளக்கம் என்று வந்துவிட்டால் மனிதர் தன்னையே மறந்துவிடுவார். பீரோவைத் திறந்தார். சாண்ட்ராவின் கவரை எடுத்து மேசைமேல் குப்புறக் கவிழ்த்தார். "இது திருப்புதல்." அதை அப்படியே வியாகுலம்மாள் கையில் வைத்தார். "இது தருதல். ஆக, திருப்பித் தந்தாயிற்று. விதி நிறைவேறிவிட்டது. இனி நிர்வாகத்தின் காப்புக்காக மறுபடி உள்ளே வைத்துக்கொள்வோம். கொடுங்கள்."

வியாகுலம்மாள் கவரை மகளிடம் நீட்டினார். "உன்துதானா, பாரு."

"என்துதாம்மா."

"அப்ப எழுந்து நட."

"ஏய்! அதைத் திருப்பிக் கொடு!" என்று அலறினார் தேவப்பிரியம். கல்லூரி வரலாற்றில் அந்தச் சொல்லை அவர் பாமரர் பொருளில் பயன்படுத்தியது அன்றுதான்.

வாசலில் நின்ற வியாகுலம்மாள், மகள் கையிலிருந்த கவரை வாங்கி, மீனைப் புரட்டிக் காட்டுவதுபோல் ஒரு புரட்டு புரட்டினார். "தோ, திருப்பிட்டேன் நைனா. குடுக்கறதப் பத்தி லாரி வரும்போது சொல்றேன்."

தாயும் மகளும் தடதடவென்று படியிறங்கிப் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது சாண்ட்ரா கவரை நெஞ்சோடு அணைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

மீஞ்சூரில் ஒரு பள்ளியில் எனக்கொரு வேலை காத்திருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு அதிகாரியிடம் போனேன். "ஐயா, அபாரமான விளக்கம். எனக்குத்தான் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. என் கவரை வைத்து இன்னொரு முறை செய்முறையாக..."

அவர் பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உலகத்தின் ஒரே விளக்க அதிகாரி அன்றிலிருந்து எதையும் விளக்குவதில்லை. வேலையில் சேர்ந்தபோது வாங்கி வைத்த என் எம்.ஏ. பட்டம் இன்னும் அந்தப் பீரோவில்தான் கிடக்கிறது. குப்புறத் திருப்பிக்கூடத் தரமாட்டேன் என்கிறான், படுபாவி!